மினுக்கிய சதம்

செப்புக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறந்து பேசக் கூடாது. தெரியாமல் தெறிக்கும் ஒரு துளி எச்சில் போதும். சில வாரங்களில் அந்த இடத்தில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி விழும், பிறகு யாராலும் அதை எடுக்க முடியாது. பஹ்ரைனில் என் மானேஜராக இருந்த அமெரிக்கர் இதை எனக்குச் சொல்வதற்கு முன், கையிலிருந்த காசை மேசையில் வைத்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

நான் அவருடைய செயலாளன். ஒரு கட்டுமான நிறுவனத்தின் மனாமா அலுவலகத்தில் கடிதம் தட்டச்சுவதும் டெலெக்ஸ் அனுப்புவதும் என் வேலை. அலுவலகக் கடிதங்களுக்கு நடுவே அவருடைய சொந்தக் கடிதங்களும் வரும். அமெரிக்காவில் நடக்கும் ஏலங்களுக்கு இங்கிருந்தே விலை கேட்டு எழுதுவார். எல்லாம் பழைய ஒரு சதக் காசுகள். அவர்கள் நாடு காசு அடிக்கத் தொடங்கிய முதல் சில வருடங்களில் வந்த, எங்கள் ஊர் ஐம்பது சதத்தைவிடப் பெரிய செப்புக் காசுகள். இலங்கையில் சதம் என்றால் பிள்ளைகள் சுண்டி விளையாடுகிற சாமான். அதற்காக ஒரு பெரிய மனிதர் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடிதம் எழுதுவதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

அவர் தரம் பிரிக்கும் விதம் இப்படி. காசை ஓரத்தில் மட்டும் பிடித்து, மேசை விளக்கின் கீழே மெல்லச் சாய்ப்பார். ஒரு பக்கம் கூந்தலை விரித்த ஒரு பெண்ணின் தலை. மறுபக்கம் இலை வளையம். எத்தனை கூந்தல் இழை இன்னும் தெரிகிறது, இலையில் நரம்பு இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றிலிருந்து எழுபதுக்குள் ஓர் எண் போடுவார். அதில் தேய்மானம் மட்டும்தான் கணக்கு. அடுத்துக் காயங்களைப் பார்ப்பார்: கீறல், குழி, விளிம்பில் அடிபட்ட இடம், உப்புக் காற்று அரித்த இடம். அவற்றுக்காகக் கழித்துக்கொண்டு வந்து இரண்டாவது எண்ணைப் போடுவார். ஏலத்தில் அந்த இரண்டாவது எண்தான் பேசும்.

காயங்களில் மிக மோசமானது எது என்று ஒருநாள் கேட்டேன். கழுவுவது என்றார். செம்பு நூறு இருநூறு வருடம் இருந்து தானாக ஒரு தோல் பூட்டிக்கொள்கிறது, அதை உரித்தவனோடு தனக்குப் பேச்சில்லை என்றார். நல்ல காசின் நிறத்துக்கு அவர் ஆங்கிலத்தில் என்னவோ பெயர் சொல்வார். எனக்கு அது பால் விடாத தேத்தண்ணி நிறம்.

அவருக்கு என் கண்ணில் நம்பிக்கை வந்தது எப்படி என்றால், ஒரு காசில் அவர் காணாத வெடிப்பை நான் கண்டேன். அச்சு வெடித்ததால் காசில் விழுந்த மெல்லிய கோடு, கூந்தலின் கடைசி இழைக்கும் விளிம்புக்கும் நடுவில் இருந்தது. அவர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் நான் ஓர் எண், அவர் ஓர் எண் தனித்தனியே துண்டில் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்தத் துண்டுகளை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்புவோம். ஐம்பதை நெருங்கிய இருவர் அப்படி விளையாடுவதை எங்கள் தேநீர்க்காரர் கதவருகே நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

எனக்கும் ஒரு தரம் இருந்தது. நிறுவனத்தில் என் சம்பளத் தரத்துக்குக் குடும்பத்தைக் கூட வைத்திருக்க அனுமதி இல்லை. அதற்கு ஒரு படி மேலே போக வேண்டும். ஆனாலும் என் மனைவியும் மகளும் ஈசா டவுனில் இரண்டு அறை வீட்டில் என்னோடு இருந்தார்கள் என்றால், அது ஒவ்வொரு வருடமும் அந்த அமெரிக்கர் எழுதிக்கொடுத்த கடிதத்தால். அந்த வருடம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. போகுமுன் என்னை ஒரு படி உயர்த்தச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அது போனால் அடுத்த மானேஜர் யாராக இருந்தாலும் எங்களை அசைக்க முடியாது. போகாவிட்டால் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போது ஊரில் பள்ளிக்கூடம் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பதுங்குகுழி வெட்டிவிட்டதாக என் தம்பி எழுதிய கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தது. மகளுக்குப் பதினொரு வயது.

தேவையானதை நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஒரு புதன்கிழமை நானே தட்டச்சினேன். வேலைத்திறமை, நேரந்தவறாமை எல்லாம் எழுதிவிட்டு, “எல்லா விஷயங்களிலும் முற்றிலும் நேர்மையானவர்” என்றும் ஆங்கிலத்தில் சேர்த்தேன். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அதை அடித்து நீக்கவில்லை. கடிதத்தை அவருடைய தட்டில் வைத்தேன்.

மறுநாள் வியாழன், அரைநாள் வேலை. ஊருக்குப் போகுமுன் தன்னிடம் இரட்டையாக இருந்த காசுகளை இங்கேயே விற்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். தீவில் காசு சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை ஒரு கிளப்பின் சின்ன அறையில் கூடுவார்கள். அடுத்த வியாழன் அங்கே ஏலம். அந்தக் காசுகளில் ஆறைப் பஞ்சு வைத்த கடித உறைகளில் போட்டு என்னிடம் தந்து, வீட்டில் பகல் வெளிச்சத்தில் பார்த்து எண்களை எழுதிக்கொண்டு வா, சனிக்கிழமை ஒப்பிடலாம் என்றார். ஆறில் ஒன்று ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நாலாம் வருடத்துக் காசு. அதை உறையில் போட்ட பிறகும் இரண்டு தரம் வெளியே எடுத்துப் பார்த்தார்.

நான் வீட்டில் ஜன்னலருகே மேசையில் வெள்ளைக் கைக்குட்டை விரித்து ஆறையும் அடுக்கினேன். முதலில் அந்தத் தொண்ணூற்று நாலு. தேய்மானத்துக்குப் பன்னிரண்டு என்று மனதில் போட்டேன். காயம் ஒன்றும் பெரிதாக இல்லை. அப்போது ரொட்டி வாங்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். சுடச்சுட ஈரானிய ரொட்டி அடிக்கிற கடை தெருமுனையில்தான். எழுந்து போனேன். கைக்குட்டையின் மறுபாதியால் காசுகளை மூடிவிட்டுத்தான் போனேன். இதை நான் பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் வியாழன் பின்னேரம் விளக்கு மினுக்குவது வழக்கம். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும், இங்கே விடுமுறையும் அன்றைக்குத்தான் என்பதால் அந்த வழக்கம் ஊரில் இருந்ததைவிட இங்கே ஒழுங்காக நடந்தது. குத்துவிளக்கு, செம்பு, பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் குசினி நிலத்தில் பரப்பி, பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பார்கள். தாயும் மகளும் சேர்ந்து செய்கிற ஒரே வேலை அதுதான்.

நான் ரொட்டியோடு உள்ளே வந்தபோது மகள் நனைந்த கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அப்பா, இஞ்ச பாருங்கோ. உங்கட கொயினையும் மினுக்கிப்போட்டன்.”

அவளுடைய உள்ளங்கையில் அந்தத் தொண்ணூற்று நாலு கிடந்தது. புதிதாகப் பிறந்த குழந்தையின் உதடுபோல் ஓர் இளஞ்சிவப்பு. கூந்தல் இழை ஒவ்வொன்றும் பளபளத்தது. தேத்தண்ணி நிறம் எங்கேயும் இல்லை.

நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். என்ன கத்தினேன் என்று எழுத விரும்பவில்லை. அந்தச் சொற்களை அதுவரை அவள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. அவள் அழவில்லை. காசை என் கையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பொம்பிளையின்ர தலைமயிரெல்லாம் ஊத்தையாக் கிடந்தது” என்றாள் மெதுவாக.

மனைவி புளிக்கையோடு எழுந்து வந்தாள். “பிள்ளையில என்ன பிழை? ஊத்தையைக் கண்டாக் கழுவத்தானே நாங்களே சொல்லிக் குடுத்தனாங்கள்.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அலுவலகத் தட்டில் கிடந்த கடிதம் அவளுக்கும் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கை கழுவிவிட்டாள். மகளின் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

மற்ற ஐந்தும் மேசையில் கறுப்பாக, பத்திரமாக இருந்தன. அவள் ஒன்றைத்தான் எடுத்திருந்தாள். அதிலிருந்த பெண் அவளுக்குப் பிடித்திருந்தாளாம்.

அந்த அமெரிக்கரின் புத்தகங்களில் கள்ள வேலைகளைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. கழுவிய காசைக் கந்தகத்தால் மறுபடி கறுப்பாக்கி விற்பவர்களைப் பற்றி அதில் எழுதியிருந்தது. எச்சரிக்கையாக எழுதியதை நான் செய்முறையாக நினைவில் வைத்திருந்தேன். கந்தகத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பள்ளிக்கூடத்து இரசாயனப் பாடம் ஞாபகம் வந்தது. முட்டை மஞ்சள் கருவில் கந்தகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிய கையோடு, மனைவியிடம் நாலு முட்டை அவிக்கச் சொன்னேன்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை” என்றாள்.

“தெரியும்.”

“இந்த வீட்டில வெள்ளிக்கிழமையில முட்டை அவிச்சதில்லை.”

“சாப்பிட இல்லை” என்றேன். “கடிதம் போக வேணும்.”

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு மலையாளி அம்மாவிடம் போய் முட்டையும், அவிக்க ஒரு சட்டியும் சேர்த்து இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் சட்டியைத் தொட விடவில்லை. விளக்கு எரிகிற வீட்டில் அந்த மணம் பரவியபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். நான் மஞ்சள் கருவை மசித்து வெறும் பால்மா டின்னில் போட்டு, அதன்மேல் ஒரு மூடியை வைத்து, மூடியில் காசை வைத்து, டின்னை இறுக்கி வெயிலில் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தேன். காசு பழுப்பாகியிருந்தது. பின்னேரம் மறுபடி திறந்தேன். கடும் பழுப்பு, ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம். வேறு யாரையும் ஏமாற்றும். அவரையும் ஏமாற்றக்கூடும் என்று நினைத்தேன், அவர் அவசரமாக ஊருக்குப் போகிறவர்தானே.

மகள் முதல்நாளிலிருந்து என் பக்கம் வரவில்லை. இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“இனி அவருக்குத் தெரியாதோ?”

“தெரியாது.”

“எங்களை ஊருக்கு அனுப்ப மாட்டாரோ?”

“மாட்டார்.”

அவள் கொஞ்ச நேரம் காசைப் பார்த்தாள். தொடவில்லை. “அப்ப நீங்கள் என்ன நம்பர் போடப்போறீங்கள்?”

நான் துண்டை எடுத்தேன். மற்ற ஐந்துக்கும் எழுதியாயிற்று. ஆறாவது வரியில் பன்னிரண்டு என்று எழுதினேன். அது சரி, புளி கூந்தலைத் தேய்க்கவில்லை. இரண்டாவது எண்ணுக்குப் பேனாவைக் கொண்டுபோனேன். பன்னிரண்டு என்று திரும்பவும் எழுதினால் அது பொய். வேறு எண் எழுதினால் காரணம் எழுத வேண்டும். மூன்று வருடமாக அந்தத் துண்டில் நான் வேண்டுமென்று ஒரு பிழை எழுதியதில்லை. அவரும் எழுதியதில்லை. மகள் நின்றுகொண்டே இருந்தாள். பேனா மை காய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் நாலு என்று எழுதினேன். பக்கத்தில் சின்ன எழுத்தில், ஈசா டவுனில் புளி போட்டுக் கழுவப்பட்டது, பிறகு முட்டையால் கறுப்பாக்கப்பட்டது என்று எழுதினேன். மகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு உள்ளே போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். குசினியில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது.

சனிக்கிழமை காலை அவர் தன் துண்டை முன்பே எழுதி வைத்திருந்தார், காசுகள்தான் அவருக்குப் பாடமாயிற்றே. வழக்கம்போல ஒரே நேரத்தில் திருப்பினோம். அவருடையதில் ஆறாவது வரி: பன்னிரண்டு, பன்னிரண்டு. என்னுடையதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். உறையிலிருந்து காசை எடுத்து விளக்கில் சாய்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

“புளி யார்?” என்று கேட்டார்.

மகள் என்றேன்.

“முட்டை?”

“நான்.”

அவர் பேனாவை எடுத்து என் நாலை அடித்து மூன்று என்று எழுதினார். புளிக்கு நீ கழித்தது சரி, முட்டைக்கு ஒன்றுமே கழிக்கவில்லை என்றார். குரலில் சிரிப்பு இல்லை. அந்த வாரம் முழுவதும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கடிதம் தட்டில் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதன் மேல் வேறு காகிதங்கள் விழுந்தன. நான்தான் அவற்றைக் கொண்டுபோய் வைத்தேன். கடிதத்தை எடுத்து மேலே வைக்கக் கை வரவில்லை. வீட்டில் மனைவி, பரணிலிருந்த பெட்டிகளைத் துடைத்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “நாளைக்கு உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா.”

கிளப் அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள், இரண்டு பார்சிக்காரர்கள், முத்து வியாபாரக் குடும்பத்துப் பஹ்ரைனிப் பெரியவர் ஒருவர். மகள் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நல்ல சட்டை போட மாட்டேன் என்றுவிட்டாள். அமெரிக்கர்தான் ஏலம் விட்டார். சுத்தியலுக்குப் பதிலாக என் மேசையிலிருந்த மர அடிக்கோல். பட்டியல் நான் தட்டச்சியது, ஆறாவது வரியும், அவர் திருத்திய எண்ணைத் தவிர, நான் எழுதியபடியே இருந்தது.

அதை அவர் உரக்க வாசித்தார். புளி, முட்டை, ஈசா டவுன், ஒன்றையும் விடவில்லை. அறை சிரித்தது. பஹ்ரைனிப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் புளி என்றால் என்ன என்று விசாரித்து, “ஓ, தமர் ஹிந்தி” என்று தலையாட்டினார். காசு கைமாறிப் பார்க்கப்பட்டது. பார்த்தவர்கள் மூக்கருகேயும் கொண்டுபோனார்கள். யாரும் விலை கேட்கவில்லை. அப்போது பெரியவர் விரலைத் தூக்கி ஒரு தினார் என்றார்.

என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. மகள்.

வருடப்பிறப்புக்கு நாங்களும் தெரிந்தவர்களும் கொடுத்த கைவிசேஷக் காசை அவள் ஒரு பென்சில் பெட்டியில் வைத்திருந்தாள். அதை அப்படியே கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை என்றாள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற குரலில். பெரியவர் திரும்பி அவளைப் பார்த்தார். கையில் பென்சில் பெட்டியையும் பார்த்தார். “கலாஸ்”, போதும் என்று விரலை மடக்கிக்கொண்டு, எடுத்துக்கொள் மகளே என்று ஹிந்தியில் சொன்னார். அமெரிக்கர் வேறு யாரும் உண்டா என்று மூன்று தரம், எல்லாக் காசுக்கும் கேட்டதுபோலவே கேட்டார். அடிக்கோல் மேசையில் விழுந்தது.

காசை வாங்க அவள் மேசைக்குப் போனாள். அவர் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு விரலால் ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தாள். நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. நாங்கள் பார்ப்பதை எங்கேயோ நின்று பார்த்திருக்கிறாள். அவர் முகத்தில் அந்த வாரத்தில் முதல்முறையாக ஏதோ இளகியது.

மறு சனிக்கிழமை என் மேசையில் அந்தக் கடிதம் கிடந்தது. கையெழுத்து இல்லை. ஒரே ஒரு திருத்தம். “எல்லா விஷயங்களிலும் முற்றிலும்” என்ற பகுதியை நீலப் பேனாவால் அடித்திருந்தார். “நேர்மையானவர்” மட்டும் மிச்சம். மறுபடி தட்டச்சிக் கொண்டுவரச் சொல்லி ஓரத்தில் எழுதியிருந்தார். நான் தட்டச்சினேன். மூன்று முறை பிழைவிட்டேன், நல்ல தட்டச்சாளன் நான். அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டு, அன்றைய தபால் பையிலேயே அனுப்பச் சொன்னார்.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. நாங்கள் இன்னும் ஈசா டவுனில்தான் இருக்கிறோம். மகள் அடுத்த அறையில் பரீட்சைக்குப் படிக்கிறாள். கதவு சாத்தியிருந்தால் தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் எட்டிப் பார்ப்பேன். அன்று என் விரல்கள் பதிந்த மணிக்கட்டை என் கண் தானாகத் தேடும். காசை அவள் மேசை லாச்சியில் கடித உறையில் வைத்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொண்டுவந்து விளக்கின் கீழே சாய்ப்பாள். நான் பார்ப்பேன். முட்டைக் கறுப்பு அங்கங்கே உரிந்து, அதன் கீழிருந்த சிவப்பு தானாக மங்கத் தொடங்கியிருக்கிறது.

போன வாரம் இருவரும் துண்டு எழுதித் திருப்பினோம். நான் மூன்று எழுதியிருந்தேன்.

அவள் நாலு.

“கூடப் போட்டிட்டாய் பிள்ளை” என்றேன்.

அவள் காசை உறையில் வைத்து மூடிவிட்டுத்தான் வாய் திறந்தாள். “நீங்கள் இன்னும் முட்டைக்குக் கழிக்கிறீங்கள் அப்பா. நான் அதை விட்டிட்டன்.”